ஜப்பானிய எழுத்தைக் கண் எப்படிப் படிக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானிய மொழி தெரியும் என்று சொன்னால் போதும், "அந்தக் கோடுகளை எல்லாம் எப்படித்தான் படிக்கிறார்களோ?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். மொழி கற்பவர்களும் கேட்கிறார்கள், அனிமே பார்ப்பவர்களும் கேட்கிறார்கள். எப்படி எழுதுவது என்று சொல்லித்தரப் புத்தகங்கள் உண்டு. படிப்பவரின் கண்ணும் மூளையும் அந்த நேரத்தில் என்ன செய்கின்றன என்பதைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை. என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

மொத்தம் எத்தனை எழுத்து? எதற்கு மூன்று வகை?

ஹிராகானா 46, கத்தகானா 46. இரண்டும் ஒரே ஒலிகளைக் குறிப்பவை, உருவம்தான் வேறு. நம் உயிர்மெய் எழுத்துபோல ஓர் எழுத்துக்கு ஓர் ஒலித்துண்டு. மூன்றாவது, சீனாவிலிருந்து வந்த கான்ஜி. பொதுப் பயன்பாட்டுக்கென்று அரசு 2010-ல் திருத்தி வெளியிட்ட பட்டியலில் 2,136 கான்ஜிகள் இருக்கின்றன. அதில் 1,026-ஐத் தொடக்கப்பள்ளியின் ஆறு ஆண்டுகளில் சொல்லித்தந்துவிடுகிறார்கள். முதல் வகுப்புக் குழந்தைக்கு 80.

எண்ணிக்கையை விட முக்கியம், மூன்றும் ஒரே வாக்கியத்தில் கலந்து வரும் விதம். "நான் டோக்கியோவில் காபி குடித்தேன்" என்பதை ஜப்பானிய மொழியில் "வத்தாஷி வா தோக்யோ தே கோஹீ ஓ நொந்தா" என்பார்கள். (காபி குடித்து நொந்துபோனார் என்று நினைக்க வேண்டாம். "நொமு" என்றால் குடி, "நொந்தா" அதன் இறந்தகாலம்.) இதில் நான், டோக்கியோ, "நொந்தா"வில் வரும் "நொ" ஆகியவை கான்ஜி. காபி வெளியூர்ச் சொல் என்பதால் கத்தகானா. வா, தே, ஓ என்ற ஒட்டுச்சொற்களும் வினையின் வாலான "ந்தா"வும் ஹிராகானா. "குடித்தேன்" என்று நாம் எழுதும்போது "குடி"யை ஒரு வகை எழுத்திலும் "த்தேன்" என்பதை இன்னொரு வகை எழுத்திலும் எழுதினால் எப்படியிருக்கும்? கிட்டத்தட்ட அதுதான். பொருளைச் சுமக்கும் வேர் ஓர் உடையில், இலக்கணம் இன்னோர் உடையில்.

சொற்களுக்கு நடுவே இடைவெளியே இல்லையே. எங்கே ஒரு சொல் முடிகிறது என்று எப்படித் தெரிகிறது?

மேலே சொன்ன உடை மாற்றம்தான் இடைவெளியின் வேலையைச் செய்கிறது. கான்ஜி பொதுவாகக் கோடுகள் நெருங்கி, கறுப்பு கூடி இருக்கும். ஹிராகானா வளைந்து, வெளிச்சமாக இருக்கும். ஒரு பக்கத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தால் வெள்ளைத் தரையில் ஆங்காங்கே கருங்கல் கிடப்பதுபோல் தெரியும். ஹிராகானாவிலிருந்து கான்ஜிக்கு மாறும் இடம் பெரும்பாலும் ஒரு புதுச் சொல்லின் தொடக்கம்.

படிக்கும்போது கண் வழுக்கிக்கொண்டே போவதில்லை, தாவித் தாவித்தான் போகிறது. ஒவ்வோர் இடத்திலும் கால் நொடி அளவுக்கு நின்றுவிட்டு அடுத்த இடத்துக்குத் தாவும். கண் அசைவை அளந்து பார்த்தவர்கள், ஜப்பானிய வாசகரின் கண் கான்ஜி இருக்கும் இடத்தில்தான் அதிகம் இறங்குகிறது என்று கண்டிருக்கிறார்கள். ஹிராகானா ஓரப்பார்வையிலேயே தேறிவிடுகிறது. ஆற்றைக் கடக்கிறவர் கல் மேல் கால் வைத்துப் போவதுபோல.

கான்ஜியை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானியர்களே ஒரு விளையாட்டு வாக்கியம் வைத்திருக்கிறார்கள்: "நிவா நி வா நிவா நிவாத்தோரி கா இரு." தோட்டத்தில் இரண்டு கோழிகள் இருக்கின்றன என்று பொருள். (கடைசியில் வரும் "இரு" நம் "இரு"தான் என்று துள்ள வேண்டாம், அதை வைத்து மொழிக் குடும்பம் கட்டக் கிளம்பினால் பொழுது போய்விடும்.) ஹிராகானாவில் மட்டும் எழுதினால் இது 13 எழுத்து. தோட்டமும் நிவா, இரண்டு பறவையும் நிவா, கோழியின் முதல் பாதியும் நிவா, எதை எங்கே வெட்டுவது? கான்ஜி கலந்து எழுதினால் 9 எழுத்தில் முடிந்துவிடுகிறது, பார்த்ததும் புரிகிறது.

இன்னொன்று, செருப்பு சம்பந்தப்பட்டது. "கொகோ தே ஹகிமொனோ ஓ நுய்தே குதாசாய்" என்றால் இங்கே காலணிகளைக் கழற்றுங்கள். "ஹ" என்ற எழுத்து ஒட்டுச்சொல்லாக வரும்போது "வா" என்று ஒலிக்கும். அதனால் அதே ஹிராகானா வரிசையை "கொகோ தே வா, கிமொனோ ஓ" என்று வெட்டிப் படித்தால், இங்கே உடையைக் கழற்றுங்கள் என்றாகிவிடும். இப்படித் தப்பாக வெட்டிப் படிப்பதற்கு "கினாத்தா-யொமி" என்று ஒரு பெயரே உண்டு. பென்கெய் என்ற துறவி வீரன் "நகினாத்தா" என்ற நீண்ட கைப்பிடி வாளை ஏந்தி நின்றான் என்ற வரியை யாரோ "பென்கெய் கா நா, கினாத்தா ஓ" என்று நிறுத்திப் படித்ததால் வந்த பெயர்.

இதைச் சோதனை செய்தும் பார்த்திருக்கிறார்கள். 2007-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஹிராகானா மட்டுமே உள்ள வாக்கியங்களில் சொற்களுக்கிடையே இடைவெளி விட்டபோது படிப்பது எளிதானது. கான்ஜி கலந்த வழக்கமான வாக்கியத்தில் இடைவெளி விட்டதால் பெரிய பலன் எதுவும் இல்லை. கான்ஜி தெரியாத சின்னக் குழந்தைகளுக்கான படப் புத்தகங்களிலும், ஹிராகானா மட்டும் ஓடிய பழைய வீடியோ கேம்களிலும் இடைவெளி விட்டிருப்பதற்குக் காரணம் இதுதான்.

இந்த உத்தியும் தோற்கும் இடம் ஒன்று உண்டு, கான்ஜிகள் மட்டும் தொடர்ந்து வரும்போது. டோக்கியோ மாநகரத்தைக் குறிக்கும் "தோக்யோ-தோ" மூன்று கான்ஜிகள். முதல் இரண்டைச் சேர்த்தால் டோக்கியோ, கடைசி இரண்டைச் சேர்த்தால் கியோத்தோ! எழுத்துகள் அப்படியே அச்சாக. ஆனாலும் எந்த ஜப்பானியரும் அங்கே கியோத்தோவைப் பார்ப்பதில்லை. சொல்லே பழக்கமாகிவிட்ட பிறகு, மூளை அதை முழுதாக எடுத்துக்கொள்கிறது.

கான்ஜி என்பது படம்தானே? மரத்துக்கு மரம் போலவே ஒரு எழுத்து?

மொழி வகுப்பின் முதல் நாளில் ஆசிரியர்கள் மரம், மலை, ஆறு என்று நாலைந்து எழுத்துகளைக் காட்டி இந்த எண்ணத்தை விதைத்துவிடுகிறார்கள். நினைவில் நிறுத்த நல்ல வழி, மறுக்கவில்லை. ஆனால் கான்ஜிகளில் பெரும்பான்மை அப்படிப் பிறந்தவை அல்ல. ஒரு பாதி பொருளுக்குக் குறிப்பு, மறு பாதி ஒலிக்குக் குறிப்பு என்று ஒட்டவைத்துச் செய்யப்பட்டவை.

நீல நிறத்தைக் குறிக்கும் கான்ஜியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சீனவழி ஒலி (எழுத்தோடு சீனாவிலிருந்து வந்த உச்சரிப்பு) "செய்". அதன் இடப்பக்கம் மூன்று நீர்த்துளி வைத்தால் "தெளிந்த" என்று பொருள், ஒலி செய். சூரியனை வைத்தால் வானம் வெளுத்தல், ஒலி செய். பேச்சைக் குறிக்கும் உறுப்பை வைத்தால் வேண்டுகோள், அதுவும் செய். இடப்பக்கம் பொருளைத் தொட்டுக்காட்டுகிறது, வலப்பக்கம் ஒலியைச் சொல்கிறது. எல்லாக் குடும்பமும் இவ்வளவு ஒழுங்காக இருக்காது, ஆனால் தேர்ந்த வாசகர் தெரியாத கான்ஜி ஒன்றைக் கண்டால் இந்த வலப்பக்கத்தைப் பார்த்துத்தான் ஒலியை ஊகிக்கிறார். ஊகம் பல நேரம் சரியாகவும் இருக்கும்.

கோடு கூடினால் படிப்பது கடினமாகும் என்பதும் பாதி உண்மைதான். குழந்தைகளுக்குக் கான்ஜி கற்பித்த இஷீ இசாவோ என்ற ஆசிரியர் ஒரு விஷயத்தை வலியுறுத்திவந்தார்: "ஒன்பது" என்ற இரண்டு கோட்டு எழுத்தை விடப் "பறவை" எளிது, பறவையை விடப் "புறா" எளிது. புறாவின் கான்ஜி ஒன்பதையும் பறவையையும் சேர்த்து எழுதுவது, கோடு அதிகம். ஆனால் புறாவைக் குழந்தை பார்த்திருக்கிறது, ஒன்பதைப் பார்த்ததில்லை. நம்மிடமும் "ஞ" கண்ணில் பட்டதும் தெரிந்துவிடும், "எ"யும் "ஏ"யும்தான் பிள்ளைகளைக் குழப்பும்.

அப்படியானால் கான்ஜியைப் பார்த்ததும் பொருள் நேரே மனதுக்கு வருகிறதா, ஒலி வழியாக வருகிறதா?

இந்தத் துறையில் பல காலமாக நடக்கும் சண்டை இது. கானா (ஹிராகானாவும் கத்தகானாவும்) ஒலி வழி, கான்ஜி பொருள் வழி என்று சுருக்கமாகச் சொல்லிவிடுபவர்கள் உண்டு. கேட்க அழகாகத்தான் இருக்கிறது.

1993-ல் வைடெல், பேட்டர்சன், ஹம்ஃப்ரீஸ் ஆகிய மூவரும் ஒரு சோதனை செய்தார்கள். முதலில் ஒரு வகையின் பெயரைச் சொல்வார்கள், அப்புறம் திரையில் ஒரு கான்ஜிச் சொல் வரும். அது அந்த வகையில் சேருமா சேராதா என்று சொல்ல வேண்டும். வாய் திறந்து படிக்கவே வேண்டாம், பொருள் தெரிந்தால் போதும். ஆனால் வகையில் சேரும் சொல் ஒன்றின் அதே ஒலியைக் கொண்ட, பொருள் வேறான சொல்லைக் காட்டியபோது வாசகர்கள் தடுமாறினார்கள். உருவமும் ஒத்திருந்தால் தடுமாற்றம் இன்னும் கூடியது. கேட்காமலே ஒலி உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறது என்பதுதான் இதிலிருந்து தெரிந்தது. ஆனால் ஒலி ஒன்றே வழி என்றும் ஆகிவிடவில்லை, எழுத்தின் உருவமும் தன் பங்குக்கு இழுக்கிறது.

என் கணக்கில் இரண்டு வழியும் எப்போதும் திறந்தே இருக்கின்றன, எது முந்துகிறதோ அது வேலையை முடிக்கிறது. கானாவுக்கும் இது பொருந்தும். வழக்கமாகக் கத்தகானாவில் எழுதப்படும் "கமெரா" போன்ற சொல்லைக் கத்தகானாவில் காட்டினால் உடனே படித்துவிடுகிறார்கள். வழக்கமாகக் கான்ஜியில் எழுதும் சொல்லைக் கத்தகானாவில் காட்டினால் தாமதம். 1987-லேயே பெஸ்னர், ஹில்டெபிரான்ட் இருவரும் இதைக் காட்டிவிட்டார்கள். எழுத்தெழுத்தாய்க் கூட்டித்தான் படிக்கிறார்கள் என்றால் இரண்டுக்கும் ஒரே நேரம்தானே ஆக வேண்டும்? ஆக, பழகிய கத்தகானாச் சொல்லும் முழு உருவமாகவே மனதில் பதிந்திருக்கிறது.

கண் பிரித்துவிடுவதைக் காதால் பிரிக்க முடியாத இடமும் உண்டு. "ககாகு" என்றால் அறிவியல், "ககாகு" என்றால் வேதியியலும்கூட. எழுத்தில் முதல் கான்ஜி வேறு, பார்த்ததும் தெரியும். பேச்சில் குழப்பம் வந்தால் வேதியியலை "பகெகாகு" என்று வேண்டுமென்றே வேறு மாதிரி உச்சரிப்பார்கள். "ஷிரித்சு" பள்ளி என்றால் தனியார் பள்ளியா நகராட்சிப் பள்ளியா? தனியாரை "வத்தாகுஷி-ரித்சு" என்றும் நகராட்சியை "இச்சி-ரித்சு" என்றும் சொல்லித் தெளிவுபடுத்துகிறார்கள். பேசும்போதே மனதுக்குள் எழுத்து ஓடுகிறது.

ஒரே கான்ஜிக்குப் பல உச்சரிப்பு என்கிறார்களே. எதைப் படிப்பது என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

உயிர், பிறப்பு, பச்சை என்று பொருள் விரியும் ஒரு கான்ஜி இருக்கிறது, ஐந்தே கோடு. ஆசிரியர் என்ற "சென்செய்"யில் அது செய். வாழ்நாள் என்ற "இஷ்ஷோ"வில் ஷோ. குழாய் பீர் "நாமா பீரு"வில் நாமா. வாழ் என்ற "இகிரு"வில் இ. பிற என்ற "உமாரெரு"வில் உ. புல்தரை "ஷிபாஃபு"வில் ஃபு. இன்னும் இருக்கிறது, போதும்.

படிப்பவர் பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில்லை. பக்கத்து எழுத்தோடு சேர்த்துச் சொல்லாகப் பார்க்கிறார், சொல்லுக்கு ஒலி ஒன்றுதான். பின்னால் ஹிராகானா வால் வந்தால் பெரும்பாலும் ஜப்பானிய ஒலி, இன்னொரு கான்ஜி வந்தால் பெரும்பாலும் சீனவழி ஒலி. ஞாயிற்றுக்கிழமை "நிச்சியோபி"யில் முதலும் கடைசியும் ஒரே கான்ஜிதான், ஆனால் முன்னே நிச்சி, பின்னே பி. இன்று என்ற "க்யோ"வில் இரண்டு கான்ஜி. எந்தக் கான்ஜிக்கு எந்தப் பகுதி ஒலி என்று பிரிக்கவே முடியாது, இரண்டும் சேர்ந்துதான் க்யோ. கான்ஜியைத் தனித்தனியாக மனப்பாடம் செய்பவர்கள் மோதும் சுவர் இது. நானும் மோதியிருக்கிறேன்: அட்டையில் 300 கான்ஜி தெரிந்திருந்தும் பேருந்து நிறுத்தத்தின் அறிவிப்பைப் படிக்க முடியவில்லை.

ஆள் பெயர், ஊர்ப் பெயர் என்றால் ஜப்பானியரும் திணறுவார்கள். அதனால்தான் படிவங்களில் பெயருக்கு மேலே கானாவில் உச்சரிப்பு எழுதத் தனிக் கட்டம் இருக்கும். கான்ஜிக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் போடும் இந்த உச்சரிப்புக்கு ஃபுரிகானா என்று பெயர்.

வேறு வேறு வகை எழுத்துகள் ஒரே மாதிரி இருந்தால்?

இருக்கின்றன. கத்தகானா "கா"வும் வலிமை என்ற கான்ஜியும், கத்தகானா "ரோ"வும் வாய் என்ற கான்ஜியும், கத்தகானா "நி"யும் இரண்டு என்ற கான்ஜியும் கிட்டத்தட்ட ஒரே அச்சு. யாரும் குழம்புவதில்லை. சுற்றிலும் கத்தகானா இருந்தால் அது கா, கான்ஜிகளுக்கு நடுவே இருந்தால் வலிமை. ரோமானிய எண் ஒன்றையும் ஆங்கில "ஐ"யையும் நாம் பிரித்துக்கொள்வதில்லையா?

கான்ஜி வலது மூளை, கானா இடது மூளை என்பது உண்மையா?

இல்லை. 1970-களில் தனிக் கான்ஜிகளை மின்னல்போல் காட்டிச் செய்த சில சோதனைகளில் வலது மூளைக்குச் சற்று முன்னிலை தெரிந்தது, அதிலிருந்து கிளம்பிய கதை. இரண்டு கான்ஜி சேர்ந்த உண்மையான சொற்களைக் காட்டினால் அந்த முன்னிலை நிற்பதில்லை. பக்கவாதம் வந்தவர்களைப் பார்த்த மருத்துவர்களின் அனுபவமும் இடது பக்கத்தையே காட்டுகிறது.

ஆனால் இடதுக்குள்ளேயே பாதை பிரிகிறது. இடது மூளையின் பின்புற, கீழ்ப் பொட்டுப் பகுதியில் (காதுப் பக்கமாக இருக்கும் மூளைப் பகுதி) சேதம் ஏற்பட்ட சிலர் கானாவை ஓரளவு நன்றாகப் படிப்பார்கள், கான்ஜியைப் படிக்கவும் எழுதவும் முடியாமல் போகும். நரம்பியல் மருத்துவர் இவாத்தா மகோத்தோ இதை வைத்துக் கான்ஜிக்கும் கானாவுக்கும் இரு பாதைகள் என்ற கருத்தை முன்வைத்தார்.

எனக்கு இதைவிட வியப்பாக இருப்பது 1943-ல் இமுரா த்சுனெரோ விவரித்த "கொகி ஷித்சுகோ", அதாவது சொற்பொருள் இழப்பு. இவர்கள் சரளமாகப் பேசுவார்கள், கானாவைப் படிப்பார்கள், ஆனால் சொல்லின் பொருள் கரைந்து போயிருக்கும். கான்ஜியைக் காட்டினால் பொருளை விட்டுவிட்டு ஒலியை மட்டும் ஒட்டுவார்கள். இறால் என்பதைக் "கடல்", "முதுமை" என்ற இரண்டு கான்ஜியால் எழுதி "எபி" என்று படிக்க வேண்டும். இவர்கள் அதைக் "கய்ரோ" என்பார்கள். ஒவ்வொரு கான்ஜியின் சீனவழி ஒலியும் சரிதான், ஆனால் அப்படி ஒரு சொல்லே இல்லை. கான்ஜி என்றாலே பொருள்தான் என்பவர்களுக்கு இது நல்ல பதில்: பொருள் போன பிறகும் ஒலி நிற்கிறது.

ஜப்பானியக் குழந்தைகளுக்கு வாசிப்புக் குறைபாடு வருமா?

வரும். ஒரு காலத்தில் அங்கே அது மிக அரிது என்று நம்பினார்கள். 2009-ல் உனோ தலைமையில் வெளியான ஆய்வில் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளில் ஹிராகானா படிப்பதில் சிரமம் 0.2 சதவீதம், கத்தகானாவில் 1.4, கான்ஜியில் 6.9. எழுத்துக்கும் ஒலிக்கும் உறவு எவ்வளவு நேராக இருக்கிறதோ அவ்வளவு குறைவாகத் தடுமாற்றம்.

ஒரே ஆளிடம் இது எப்படி இருக்கும் என்பதற்கு 1999-ல் வைடெல், பட்டர்வொர்த் பதிவுசெய்த ஒரு பையன் சான்று. ஜப்பானில் வளர்ந்தவன், வீட்டில் ஆங்கிலம். 16 வயதில் ஆங்கிலம் படிக்கக் கடுமையாகத் திணறினான், ஜப்பானிய மொழியைச் சக மாணவர்கள்போலவே, சில சோதனைகளில் அவர்களைவிட நன்றாகவே படித்தான்.

எழுத்தை மாற்றிப் போட்டாலும் ஆங்கிலம் புரியும் என்று ஒரு செய்தி சுற்றுமே, ஜப்பானிய மொழியில்?

அங்கேயும் சுற்றியது. "கொன்னிச்சிவா" (வணக்கம்) என்பதைக் "கொன்ச்சினிவா" என்றும் "ஒகென்கி"யை (நலம்) "ஒன்கெகி" என்றும் ஹிராகானாவில் மாற்றி எழுதியிருப்பார்கள், பலர் கவனிக்காமலே படித்துவிடுவார்கள். ஆய்வகத்திலும் "அரிமெகா"வைக் கண் சிமிட்டும் நேரம் காட்டினால் "அமெரிகா"வைப் படிப்பது எளிதாகிறது. நடு எழுத்துகளின் வரிசையில் கண் அவ்வளவு கறாராக இல்லை.

படிக்கத் தெரியும், எழுத வரவில்லை என்று ஜப்பானியர்களே சொல்கிறார்களே?

உண்மைதான். "மனச்சோர்வு" என்பதில் வரும் "உத்சு" 29 கோடு. 2010-ல் பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் சேர்த்தார்கள். எல்லாரும் படிப்பார்கள், கையில் பேனா கொடுத்தால் சிரிப்பார்கள். படிக்க உருவத்தின் பொதுச் சாயலும் பக்கத்துச் சொற்களும் போதும். எழுத ஒவ்வொரு கோடும் வேண்டும். கானாவைத் தட்டினால் கான்ஜியாக மாற்றித்தரும் முதல் எந்திரத்தை 1978-ல் தோஷிபா அறிமுகப்படுத்தியது. அதற்குப் பிறகு கை மறந்தவர்களை "வாபுரோ-பகா" என்று கேலி செய்தார்கள். தட்டச்சு எந்திரத்தால் மூளை மழுங்கியவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் மறந்த எழுத்தைத் தேடும்போது கைதான் முதலில் அசைகிறது. எழுத்து ஒன்று நினைவுக்கு வராதபோது ஜப்பானியர் ஆள்காட்டி விரலால் உள்ளங்கையிலோ தொடையிலோ காற்றிலோ கிறுக்குவதைப் பார்க்கலாம். "கூஷோ" என்பார்கள், வெற்றெழுத்து. 1983-ல் சசாகி, வத்தானபே இருவரும் இதைச் சோதித்தார்கள். கான்ஜியின் உறுப்புகளைத் தனித்தனியாகக் கொடுத்து, சேர்த்தால் என்ன எழுத்து என்று கேட்டால், விரலை அசைக்க விட்டபோது கூடுதலாகச் சரியான விடை வந்தது. உருவம் கண்ணில் மட்டும் இல்லை, விரலிலும் சேமிக்கப்பட்டிருக்கிறது.

சீனர்கள் ஜப்பானிய நாளிதழைப் படித்துவிடுவார்களா?

மேலோட்டமாகப் புரியும். ஆனால் "கை", "தாள்" என்ற இரு கான்ஜியும் சேர்ந்தால் ஜப்பானில் கடிதம், சீனாவில் கழிப்பறைக் காகிதம்.

தமிழ் வழி வந்தவருக்கு இதில் ஏதாவது அனுகூலம் உண்டா?

ஒன்று உண்டு. கானாவின் வரிசை அ, இ, உ, எ, ஒ. அப்புறம் க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. "ஹ" இருக்கும் இடத்தில் முற்காலத்தில் "ப" ஒலித்தது, அதையும் போட்டுப் பாருங்கள்: க, ச, த, ந, ப, ம, ய, ர, வ. பௌத்தத் துறவிகள் வழியாகச் சென்ற சமஸ்கிருத ஒலி வரிசையின் தடம் இது. அகராதியைப் புரட்ட நமக்குப் பாதி வேலை மிச்சம். கானா வந்ததும் ஆங்கில எழுத்தில் படிப்பதை நிறுத்திவிடுங்கள், அதில் இருக்கும்வரை கண் தாவக் கற்காது.

கத்தகானாவில் "ஷி"யும் "த்சு"வும் எனக்கு ஒரே மாதிரி தெரிகின்றன. என்ன செய்ய?

எல்லாருக்கும் வரும் தொல்லை. "ஷி"க்கு இரண்டு சின்னக் கோடும் இடப்பக்கம் ஒன்றின் கீழ் ஒன்று, நீளக் கோடு கீழிருந்து மேலே ஏறும். "த்சு"வுக்கு இரண்டும் மேலே பக்கத்தில் பக்கத்தில், நீளக் கோடு மேலிருந்து கீழே இறங்கும். ஒரு சின்னக் கோட்டைக் குறைத்தால் "ன்", "சோ" என்ற இன்னொரு இரட்டை, அதே விதி. கண்ணால் ஒப்பிட்டுக்கொண்டே இருந்தால் ஆறு மாதம் ஆனாலும் பிடிபடாது. விரலால் திசை மாறாமல் ஐம்பது தடவை எழுதிவிட்டுக் கடைப் பலகைகளைப் பாருங்கள். கோட்டின் எந்த முனை தடித்திருக்கிறது, எது மெலிந்து முடிகிறது என்று தெரிய ஆரம்பிக்கும். மெலிந்த முனை மேலே இருந்தால் ஷி.